சொந்தம் வேறு, பொருத்தம் வேறு

பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் யாராவது ஆபரேஷனுக்குப் படுத்தால், ரத்த வங்கி வாசலில் முதலில் வந்து நிற்பது உடன்பிறந்தவர்கள்தான். முந்திரி உடைக்கிற வேலையைப் போட்டுவிட்டு அக்கா வருவார்; சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு தம்பி வருவார். “ஒரே வயித்துல பொறந்தவங்க சார், என் ரத்தம் சேராம வேற யாரு ரத்தம் சேரப் போவுது?” என்பார்கள். பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டெக்னீஷியனாக இந்த வேலையில் இருப்பவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும்: சொந்தம் வேறு, பொருத்தம் வேறு.

குரூப் பார்ப்பது வெளிப்பார்வைக்குச் சின்ன வேலை. நீல மருந்து ஆன்ட்டி-ஏ, மஞ்சள் ஆன்ட்டி-பி, நிறமில்லாதது ஆன்ட்டி-டி. டியூபில் மருந்தையும் செல் கரைசலையும் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லத் தட்டுவோம். அடியில் படிந்த செல் சீராகக் கரைந்து பரவினால் நெகட்டிவ். கட்டி கட்டியாக எழும்பினால் பாசிட்டிவ்.

இது பாதி வேலைதான். அடுத்து நோயாளியின் சீரத்தை எடுத்து, குரூப் தெரிந்த செல்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏ குரூப்காரரின் சீரத்தில் பி-க்கு எதிர்ப்பொருள் இருக்கும், பி-காரரிடம் ஏ-க்கு, ஓ-காரரிடம் இரண்டுக்கும். ஏபி-காரரிடம் இரண்டுக்குமே இருக்காது. 1901ல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்ட ஆய்வில் தொடங்கிய கணக்கு இது. செல் சொல்வதும் சீரம் சொல்வதும் ஒத்துப்போகாமல் சீட்டு எழுத மாட்டோம். லைசென்ஸில் அச்சடித்திருந்தாலும் மறுபடி பார்த்தே தீருவோம். பொருந்தாத ரத்தம் ஏறினால், வந்த செல்களை எதிர்ப்பொருள் உடைத்துத் தள்ளும். வெளியே கொட்டும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். உயிரே போகலாம்.

பிரசவ வார்டிலிருந்து வருகிற கேள்வி வேறு மாதிரி. “அவன் ஏ, இவ பி, புள்ள மட்டும் எப்படி ஓ?” கேட்கிற தொனியிலேயே சந்தேகம் தெரியும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரிடமும் இரண்டு மரபணுப் பிரதிகள் உண்டு. ஏ-யும் பி-யும் சேர்ந்தால் இரண்டும் தெரியும். ஓ மட்டும் எதனோடு சேர்ந்தாலும் மறைந்துகொள்ளும். இருவரிடமும் அப்படி ஒரு ஓ மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளை ஓ-வாகப் பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஏ, பி, ஏபி பிறக்கவும் அதே வாய்ப்பு. ஆக, ஒரே வயிற்றில் நாலு குரூப்பும் பிறக்கலாம்.

குரூப் ஒத்துப்போனாலும் நெருங்கிய உறவினரின் ரத்தத்தை அப்படியே ஏற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. அதிலுள்ள வெள்ளை அணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாகப் பார்க்காமல் விட்டுவிடலாம். அவை உள்ளே தங்கிப் பெருகி அந்த உடலையே தாக்கும். அரிதாக நடப்பது, நடந்தால் பிழைப்பது கடினம். அதனால்தான் அந்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது விதி.

அப்பாவும் ஓ, அம்மாவும் ஓ, பிள்ளை பி என்று வந்தால்? அங்கே குடும்பத்தைச் சந்தேகிப்பதற்கு முன் சோதனையைச் சந்தேகிக்க வேண்டும். 1952ல் பம்பாயில் ஒய். எம். பெண்டேயும் உடன் ஆய்வாளர்களும் ஒரு புது வகையை அறிவித்தார்கள். அதுதான் பாம்பே குரூப். ஏ-யும் பி-யும் செல்லின்மேல் அமைய ‘எச்’ என்கிற அடிப்பொருள் வேண்டும்; பாம்பே குரூப்காரரிடம் அது இருக்காது. ஏபிஓ மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்க, எச்-சுக்கானது 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எச் இல்லாத தாயிடம் பி மரபணு இருந்தாலும் செல்லில் தெரியாது. முதல் சோதனை ஓ என்றே காட்டும். தந்தை வழியில் எச் கிடைத்த பிள்ளையிடம் அம்மா கொடுத்த பி வெளிப்பட்டுவிடும்.

பாம்பே குரூப்காரர்களைக் காட்டிக்கொடுப்பது சீரம்தான். ஓ செல்லோடு சேர்த்தாலும் கட்டி கட்டும். ஃப்ரிட்ஜில் இருக்கிற ஓ பை ஒவ்வொன்றும், பொருத்தம் பார்க்கிற கிராஸ்மேட்சில் ஒதுங்கும். எச் இல்லை என்று உறுதிசெய்ய யூலெக்ஸ் விதையின் சாறு உதவும். நீலகிரியில் மஞ்சளாகப் பூத்து மண்டிக் கிடக்கிற முட்செடிதான் அது. ஏ1, ஏ2 என்று ஏ-யின் உட்பிரிவைப் பிரித்துக் காட்டுவதோ நம்மூர்க் கொள்ளு. 1951ல் பேர்ட் என்கிற ஆய்வாளர் கொள்ளுச் சாற்றின் இந்தக் குணத்தைப் பற்றி ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்.

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர் பாம்பே குரூப் என்பார்கள். அக்காள் மகளையும் அத்தை மகனையும் கட்டுகிற நம் பக்கத்தில், மறைந்திருக்கும் மரபணு இரண்டு வழியிலும் வந்து ஒரு பிள்ளையிடம் சேர வாய்ப்பு கூடுதல். ஆனால் ஒரே குரூப் என்று வரனைத் தட்டிக்கழிப்பது வீண் பயம். பெண் ஆர்எச் நெகட்டிவ், மாப்பிள்ளை ஆர்எச் பாசிட்டிவ் என்றாலும் கல்யாணத்துக்குத் தடையில்லை. பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்ட்டி-டி ஊசி போட வேண்டும், அவ்வளவுதான்.

பாம்பே குரூப்காரருக்கு மட்டும் எங்கள் தேடல் உடன்பிறந்தவர்களிடம் தொடங்கும். பெரும்பாலான குடும்பங்களில் ஒவ்வொருவருக்கும் அதே குரூப் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே ஒருவருக்கு அப்படிச் சீட்டு வந்தால், அவசரம் வரும்வரை காத்திராமல் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் சோதித்துக்கொண்டு ரத்த வங்கியில் பெயரைப் பதிந்துவைக்க வேண்டும். ‘ஓ ரத்தம் ஏற்றக் கூடாது’ என்று எழுதிய சீட்டு அவர் பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.