ஸ்பெயினில் கிடைத்த படப்பெட்டி

ஆஸ்கர் மிஷோ என்ற பெயரை இங்கே வந்து படிக்கும் நண்பர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தாங்களே எடுத்த ஆரம்பகாலச் சினிமாவில் பெரிய பெயர் அவருடையதுதான். 1919லிருந்து 1948 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். கதை எழுதுவது, பணம் புரட்டுவது, டைரக்ட் செய்வது, கடைசியில் படப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தியேட்டர்காரரிடம் பேரம் பேசுவது, எல்லாம் அவரே. அப்படி ஓடியோடி எடுத்த மௌனப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. அந்த மூன்றையும் நான் பார்த்துவிட்டேன். மகள் வீட்டு சோபாவில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு.

போன குளிர்காலம் ஒஹாயோவில் மகள் வீட்டில் இருந்தோம். வெளியே பனி. நடைப்பயிற்சிக்குப் போனால் வழுக்கிவிடும் என்று மகள் தடை போட்டுவிட்டாள். ஆகவே நூலகம்தான் கதி. அங்கே சினிமா அலமாரியில் கனமான ஒரு பெட்டி இருந்தது. உள்ளே ஐந்து டிஸ்க், ஒரு சின்னப் புத்தகம். ‘ஆப்பிரிக்க அமெரிக்க சினிமாவின் முன்னோடிகள்’ என்பது தலைப்பு. கினோ லார்பர் என்ற கம்பெனி 2016ல் வெளியிட்டது. சார்ல்ஸ் மஸ்ஸர், ஜாக்குலின் ஸ்டூவர்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் படங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டி நடந்த காரியம்.

இந்தப் படங்களுக்கு அந்தக் காலத்தில் ‘ரேஸ் ஃபிலிம்’ என்று பெயர். கறுப்பின நடிகர்களை வைத்து, கறுப்பின ரசிகர்களுக்காக எடுத்தவை. தென் மாநிலங்களில் பல தியேட்டர்களில் அவர்களுக்கு வாசல் தனி, மாடியில் இடம் தனி. சில ஊர்களில் வெள்ளையர்கள் ஆட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, நடுராத்திரியில்தான் இவர்களுக்குக் காட்சி. அப்படிப் பார்க்க வேண்டியிருந்த படங்களைக் காப்பிக் கோப்பையோடு பட்டப்பகலில், வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிகிறது என்பதே எனக்கு விசேஷமாகப் பட்டது.

படங்கள் ஏன் அழிந்தன என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். மதுரையில் நூறு நாள் ஓடி, தாலுகா ஊர்களில் ஓடி, கடைசியாக நம் கொட்டகைக்கு வரும்போது திரையில் விடாமல் மழை பெய்யும். ரீல் அறுந்த இடத்தில் ஒட்ட ஒட்ட, ஒவ்வொரு ஒட்டுக்கும் கொஞ்சம் போய்விடும். மிஷோவிடம் இருந்ததே சொற்பப் பிரதிகள். அவை எல்லா ஊரிலும் ஓட வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு ஊர் சென்ஸாரும் தன் பங்குக்குக் கத்தரி போடுவார். அதற்கும் தப்பினால், அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட். எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் டப்பாவுக்குள்ளேயே பொடியாகும். அமெரிக்க மௌனப் படங்களிலேயே சுமார் 70 சதவீதம் போய்விட்டது என்று அந்நாட்டு காங்கிரஸ் நூலகத்தின் ஆய்வு சொல்கிறது. பெரிய கம்பெனிகளின் கதியே அது. ஒற்றை ஆளாக ஓடியவர் படங்களை யார் பத்திரப்படுத்தப் போகிறார்கள்?

மிஷோ 1884ல் இல்லினாயில் பிறந்தவர். தந்தை அடிமையாகப் பிறந்தவர். மிஷோ இளவயதில் புல்மன் ரயில் பெட்டிகளில் போர்ட்டர் வேலை பார்த்தார். படுக்கை விரிப்பது, பயணிகளின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. பயணிகள் எந்தப் போர்ட்டரையும் ‘ஜார்ஜ்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். முதலாளி பெயர் ஜார்ஜ் புல்மன். அவருடைய ஆள் என்பதால் இவனும் ஜார்ஜ். ரயில் தபால் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஓடும் வண்டியில் கடிதம் பிரித்தவன் நான். ரயிலில் வேலை செய்பவனுக்குப் பெயர் கிடையாது என்பது எனக்கும் கொஞ்சம் பழக்கமான விஷயம்தான். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே பெயர் என்பது அதற்கும் மேலே.

சேர்த்த பணத்தில் தெற்கு டகோடாவில் நிலம் பிடித்து விவசாயம் செய்தார். அது நிலைக்கவில்லை. அந்த அனுபவத்தையே நாவலாக எழுதி, வீடு வீடாகப் போய் விற்றார். பிறகு ‘தி ஹோம்ஸ்டெடர்’ என்ற தன் நாவலையே படமாக்க, அந்தப் பக்கத்து வெள்ளைக்கார விவசாயிகளிடமே பங்கு விற்றுப் பணம் சேர்த்தார். 1919ல் படம் வந்தது. கறுப்பின அமெரிக்கர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படம். அது இன்று இல்லை.

நாங்கள் முதலில் பார்த்தது அவருடைய அடுத்த படம், ‘வித்தின் அவர் கேட்ஸ்’, 1920. ஐந்து வருடத்துக்கு முன் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ என்ற பிரம்மாண்டப் படம் வந்து, கறுப்பர்களைக் கயவர்களாகவும் அவர்களைக் கொன்ற முகமூடிக் கூட்டத்தை வீரர்களாகவும் காட்டி வசூலை அள்ளியிருந்தது. மிஷோவின் படம் அதற்குப் பதில் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சிகாகோவில் 1919 கோடையில் இனக்கலவரம் நடந்து 38 பேர் செத்திருந்தார்கள். இதைத் திரையிட்டால் மறுபடி கலவரம் வரும் என்று அந்த ஊர் சென்ஸார் முதலில் மறுத்தது. பிறகு படம் வந்தது.

கதாநாயகி சில்வியா. ஈவ்லின் ப்ரீயர் என்ற நடிகை. 36 வயதில் இறந்துபோனவர். மௌனப் படக் காலத்து மிகை நடிப்பு இவரிடம் குறைவு. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஐயாயிரம் டாலர் திரட்ட சில்வியா வடக்கே போகிறாள். முக்கால் படம் இதில் போகிறது, சுமாராகத்தான் போகிறது. அப்புறம் அவளுடைய பழைய கதை வருகிறது. அவளை வளர்த்தவர் லான்ட்ரி, குத்தகை விவசாயி. படித்த பெண் சில்வியா வீட்டுக் கணக்கு எழுதுகிறாள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு லான்ட்ரி பண்ணையாரிடம் நேர் செய்யப் போகிறார்.

என் மனைவிக்கு ஆங்கில எழுத்து அட்டைகளை நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில், “கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினேன். என் மாமனார் குத்தகைக்குப் பயிர் செய்தவர். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது பண்ணைக் கணக்குப்பிள்ளை சொன்னதுதான் கணக்கு. எட்டாவது படித்த என் மனைவி சின்னப் பெண்ணாக மூட்டையை எண்ணி மனசுக்குள் வேறு தொகை போட்டிருக்கிறாள். “சொல்லலாமான்னு அப்பாகிட்ட கேட்டேன். வாயை மூடுன்னாரு” என்றாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை.

பிறகு ஓடவிட்டோம். பண்ணையாரை வேறொருவன் சுடுகிறான். அவனும் வெள்ளைக்காரன், பண்ணையார்மேல் தனிப்பட்ட பகை. பழி லான்ட்ரி மேல். கூட்டம் சேர்ந்து அவரையும் மனைவியையும் தூக்கில் ஏற்றுகிறது. சின்னப் பையன் மட்டும் குதிரை ஏறித் தப்புகிறான். அதே நேரத்தில் பண்ணையாரின் தம்பி சில்வியாவிடம் முறைகேடாக நடக்க வருகிறான், அவள் மார்பில் இருக்கும் வடுவைப் பார்த்து, தான் பெற்ற மகளே அவள் என்று தெரிந்து நிற்கிறான். இரண்டு காட்சியும் மாறி மாறி வருகின்றன. 1920ல், அதுவும் சிகாகோவில், ஒரு கறுப்பினத்தவர் இதைத் திரையில் காட்டத் துணிந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். என் மனைவி முழுவதையும் பார்த்தாள். கணக்குச் சீட்டு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டாள்.

இந்தப் படம் அமெரிக்காவில் எங்குமே இல்லாமல் போயிருந்தது. கிடைத்த இடம் ஸ்பெயின். மாட்ரிட் ஆவணக் காப்பகத்தில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் ஒரு பிரதி கிடந்தது. ‘கறுப்பி’ என்று அர்த்தம். ஆங்கில எழுத்து அட்டைகளில் நான்குதான் அதில் மிச்சம்; மற்றதெல்லாம் ஸ்பானிஷ். 1993ல் காங்கிரஸ் நூலகம் அதைச் சீர்செய்தபோது, ஸ்பானிஷிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார்கள். மிஷோ எப்படி எழுதுவார் என்று அவர் நாவல்களைப் பார்த்து அந்த நடையில் எழுதினார்கள். ஆக, மிஷோ ஆங்கிலத்தில் எழுதியது ஸ்பானிஷாகி, மறுபடி ஆங்கிலமாகி, ஒஹாயோவில் எங்கள் ஹாலில் திருநெல்வேலித் தமிழானது.

நடுவில் ஒரு காட்சி கிடைக்கவேயில்லை. அங்கே என்ன நடந்தது என்று ஒரு அட்டையில் எழுதிப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. ‘தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்’ என்ற இன்னொரு மிஷோ படம் பெல்ஜியத்தில் கிடைத்தது. அதில் முகமூடிக் கூட்டம் தாக்க வர, அவர்களை விரட்டியடிக்கும் கட்டம்தான் உச்சம். சரியாக அந்தக் கட்டம்தான் இல்லை. அங்கேயும் அட்டைதான். பின்னணிக்கு மாக்ஸ் ரோச் என்ற பெரிய ஜாஸ் கலைஞரின் டிரம்ஸ் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது படம் ‘பாடி அண்ட் சோல்’, பால் ராப்சனின் முதல் படம். திருட்டுப் பாதிரியாராகவும் நல்ல தம்பியாகவும் இரட்டை வேடம். ராப்சனுக்காகவே பார்க்கலாம்.

எல்லாம் நல்ல படங்கள் என்று சொல்லமாட்டேன். மிஷோவின் ஆரம்பப் பேசும் படங்களை உட்கார்ந்து பார்ப்பது சிரமம். நடிகர்கள் பாடம் ஒப்பிப்பது போல் நிற்கிறார்கள். மறுபடி எடுக்கப் பணமில்லை என்பது தெரிகிறது. ‘தி ஸ்கார் ஆஃப் ஷேம்’ என்ற பிலடெல்பியா படத்தின் கதையோ நமக்குப் புதிதே அல்ல. படித்த இசைக்கலைஞன், ஏழைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தாயாரிடம் மறைக்கிறான், அந்தஸ்து குறைவு என்று. எழுத்து அட்டையில் ‘காஸ்ட்’ என்ற சொல்லே வருகிறது. இரண்டு பேரும் கறுப்பர்கள்தான். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ரயில்காரன் என்பதால் ‘ஹெல் பவுண்ட் டிரெய்ன்’ எனக்கு ரொம்ப வேடிக்கை. ஜேம்ஸ் கிஸ்ட், எலாய்ஸ் கிஸ்ட் என்ற பிரசங்கத் தம்பதி எடுத்தது. நரகத்துக்குப் போகும் ரயிலைச் சாத்தான் ஓட்டுகிறான். பெட்டிக்கு ஒரு பாவம். தேவாலயங்களில் திரை கட்டிக் காட்டிப் பிரசங்கம் செய்வார்களாம். துண்டு துண்டாகக் கிடைத்த ஃபிலிமை எஸ். டோரியானோ பெர்ரி என்பவர் வரிசைப்படுத்தி ஒட்டியிருக்கிறார்.

இந்தப் பெட்டியில் என் மனசு அதிகம் நின்றது ஒரு தபால்காரரிடம்தான். ஜார்ஜ் ஜான்சன், நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹா தபால் ஆபீஸில் குமாஸ்தா. நடிகரான இவர் அண்ணன் நோபிளும் வேறு சிலரும் 1916ல் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி தொடங்கினார்கள். மிஷோவுக்கும் முந்தியது. ஜார்ஜ் தபால் வேலை போக மிச்ச நேரத்தில் கடிதம் போட்டே தியேட்டர்களைப் பிடித்து வினியோகம் நடத்தினார். மிஷோவின் நாவலைப் படமாக்கக் கேட்டு 1918ல் எழுதியவரும் இவரே. படமெடுப்பதில் தன் கையும் இருக்க வேண்டும் என்று மிஷோ பிடிவாதம் பிடிக்க, பேச்சு முறிந்தது. அந்தக் கோபத்தில்தானோ என்னவோ மிஷோ தானே டைரக்டரானார். லிங்கன் கம்பெனி சில வருடத்தில் மூடியது. அவர்கள் எடுத்த கதைப் படங்களில் இன்று மிச்சம், ‘பை ரைட் ஆஃப் பர்த்’ என்ற 1921 படத்தின் சில நிமிடங்கள். ஆனால் ஜார்ஜ் கடிதங்கள், நோட்டீஸ்கள், பத்திரிகை நறுக்குகள் எல்லாவற்றையும் பல்லாண்டு காலம் சேர்த்து வைத்தார். அவை இப்போது லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. படம் போய்விட்டது, அது எந்த ஊரில் எப்போது ஓடியது என்பது மட்டும் தபால் ஊழியர் கட்டி வைத்த கட்டில் தங்கியிருக்கிறது. இலாகாவில் இப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

1983ல் டெக்சாஸ் மாநிலம் டைலர் என்ற ஊரில் ஒரு கிடங்கிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பழைய படங்கள் கிடைத்தன. தொலைந்துவிட்டதாக நினைத்திருந்த ‘தி பிளட் ஆஃப் ஜீசஸ்’ அப்படித்தான் வெளியே வந்தது. ஸ்பென்சர் வில்லியம்ஸ் 1941ல் ஐயாயிரம் டாலரில் எடுத்தது. பக்திப் படம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். என் மனைவிக்குப் பிடித்தது.

ஆனால் அவள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னது கதைப் படமே இல்லை. சாலமன் சர் ஜோன்ஸ் என்ற பாதிரியார் 1924லிருந்து 1928 வரை ஓக்லஹோமா ஊர்களில் சின்ன காமிராவோடு சுற்றி எடுத்தது. தேவாலயம் விட்டு வெளியே வரும் ஜனங்கள், கடை முதலாளிகள், ஊர்வலம், பள்ளிப் பிள்ளைகள். ஊர்ப் பெயர்களைப் பலகையில் எழுத்து அடுக்கி அவரே காட்டுகிறார். அந்த மாநிலத்து டல்சா நகரில் கறுப்பர்களின் கிரீன்வுட் பகுதியை 1921ல் ஒரு கூட்டம் கொளுத்தித் தரைமட்டமாக்கியது. இவர் காமிராவைத் தூக்கியது அதற்கு மூன்று வருடம் கழித்து. மறுபடி கட்டிய கட்டடங்களின் முன்னால் நல்ல உடுப்பும் தொப்பியுமாக நிற்கிறார்கள்.

பெட்டியில் இருப்பது சில நிமிடங்கள்தான். முழுவதும் 355 நிமிடம். யேல் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது, காசில்லை. ஊருக்குத் திரும்பியபின் டிவியில் வருகிற மாதிரி எதிர்வீட்டுப் பையன் செய்து கொடுத்தான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அரை மணி நேரம் ஓடுகிறது. இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.