குறைந்தபட்சத் தொகை

பாஸ்கு காலத்தில் அபிஷேகப்பாக்கத்து இல்லமொன்றை மந்திரிக்கச் சென்றிருந்தோம். கடைக்காரர் கொடுத்த கடன் அட்டையில் பொருள்கள் வாங்கிய இளைஞன், “சாமி, மாதம் 2,000 தவறாமல் கட்டுகிறேன், கடன் குறையவில்லையே” என்று தாளை நீட்டினான்.

அமர்ந்து கணக்கிட்டோம். பாக்கி 40,000 ரூபாய். மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை வீதம் 1,400. அவ்வட்டியின்மேல் 18 விழுக்காடு வரி 252. அசலுக்குச் சேர்ந்தது வெறும் 348! ஆண்டு வட்டி 30 விழுக்காட்டைத் தாண்டலாகாதென்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த வரம்பையும் 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் நீக்கிவிட்டபடியால், அங்கும் புகலில்லை.

மனைவியிடம் மறைத்திருந்தானாம். அழைக்கச் சொன்னோம். அவள் கடிந்துகொள்ளவில்லை, வளையலைக் கழற்றினாள். “சங்கத்தில் அடகு வைத்தால் வட்டி குறைவு, சாமி. அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

அது இன்றும் எம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.