முகம் பார்த்துக் கேட்கும் பணம்

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற அட்டை தொங்காத மளிகைக் கடை நம் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் அரிது. முதலாளி சற்றுக் கண்டிப்பானவராக இருந்தால் "கடன் அன்பை முறிக்கும்" என்றும் எழுதியிருப்பார். அந்த அட்டைக்குக் கீழேயே அமர்ந்து அவர் கடன் நோட்டில் பற்று எழுதிக்கொண்டிருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அட்டை வழிப்போக்கருக்கு, நோட்டு ஊராருக்கு. இதில் எவரும் குறை கண்டதில்லை. இப்போது அந்த அட்டையின் தம்பி ஒருவன் பெட்ரோல் பங்க்குகளில் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறான். முதலில் பணம், பிறகே பெட்ரோல் என்பது அவன் பேச்சு. அவனைப் பற்றிச் சில செய்திகளை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் நாட்டு வழக்கம் யாவரும் அறிந்ததே. வண்டியை நிறுத்துகிறோம், தொகையைச் சொல்கிறோம், ஊழியர், "பூஜ்யம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார், எண்ணெய் இறங்குகிறது, பிறகே சட்டைப்பையில் கைவிடுகிறோம். கைப்பேசி வழியே பணம் அனுப்பும் முறை பரவிய பின்னர் இந்த வரிசை தடுமாறலாயிற்று. எண்ணெய் இறங்கிய பின் அலைவரிசை கிடைப்பதில்லை. பணம் போய்விட்டதாக வாங்கியவர் சொல்கிறார், வரவில்லை என்று ஒலிபெருக்கிப் பெட்டி மௌனம் சாதிக்கிறது. செலுத்தியது போன்ற போலிப் படத்தைக் காட்டி நகர்ந்துவிடுவோரும் உண்டு. இரவு நேரத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு வண்டியை விரட்டிச் செல்வோர் பற்றிய செய்திகளும் அவ்வப்போது நாளிதழ்களில் வரவே செய்கின்றன.

இவ்வாறு போகும் பணம் யாருடையது? பங்க்கில் ஊழியரின் முறை தொடங்கும்போது அவருக்குரிய குழாயின் மீட்டர் காட்டும் மொத்த அளவு குறித்துக்கொள்ளப்படும். முறை முடியும்போது மீண்டும் குறிக்கப்படும். சோதனைக்காக அளந்து தொட்டியில் திரும்ப ஊற்றியதைக் கழித்து, மிச்சத்தை விலையால் பெருக்கினால் அவர் ஒப்படைக்க வேண்டிய தொகை வந்துவிடும். தொகை குறைந்தால் மீட்டரை எவரும் சந்தேகிப்பதில்லை, மனிதரைத்தான் சந்தேகிக்கிறார்கள். பல இடங்களில் அந்தக் குறைவு அவருடைய சம்பளத்திலேயே பிடித்தம் செய்யப்படுகிறது. முதலாளிக்கும் இது எளிய இழப்பன்று. லிட்டருக்குச் சில ரூபாய்களே அவருக்குக் கிடைக்கும் கழிவு. ஆயிரம் ரூபாய் போய்விட்டால் அதை ஈடுகட்ட நூற்றுக்கணக்கான லிட்டர் விற்றாக வேண்டும். ஆனால் அவருக்கு ஈடுகட்ட வழி உண்டு. இரவு முழுதும் நின்று பணிபுரியும் இளைஞருக்கு அந்த வழியும் இல்லை.

முன்பணத்தைச் சட்டமாகவே ஆக்கிய நாட்டின் கதை இதனினும் கொடியது. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மேப்பிள் ரிட்ஜ் என்னும் ஊரில், 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 24 வயது ஊழியர் ஒருவர், ஏறத்தாழ 12 டாலர் பெட்ரோலுக்குப் பணம் தராமல் புறப்பட்ட காரைத் தடுக்க முயன்றார். காரின் அடியில் சிக்கிய அவர் ஏழு கிலோ மீட்டருக்கும் மேல் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். ஓட்டியவன் 16 வயதுச் சிறுவன், காரோ திருடப்பட்டது. மகனை இழந்த பெற்றோர் ஓயாமல் போராடினர். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அம்மாகாணத்தில் பணம் செலுத்திய பின்னரே எரிபொருள் என்பது கட்டாயமாயிற்று. இறந்தவரின் பெயரால் மக்கள் அதனைக் கிரான்ட் சட்டம் என்றே அழைக்கின்றனர். பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவோ மேலும் பத்தாண்டுகள் காத்திருந்தது. மூன்றாண்டுகளில் ஐந்து ஊழியர்கள் மாண்ட பின்னர், 2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் அங்கும் அந்த விதி நடைமுறைக்கு வந்தது.

அங்கெல்லாம் வண்டிக்காரரே குழாயை எடுத்து நிரப்பிக்கொள்கிறார். அருகில் நிற்க ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் ஓடிப்போவது எளிது. (அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மட்டும் 1949 முதல் வண்டிக்காரர் தாமே நிரப்பிக்கொள்வதைத் தடுத்து வைத்திருக்கிறது. அந்த ஒரு செய்தியில் அவர்களும் புதுக்கோட்டைக்காரர்களும் உறவினர்.) நம்மிடம் ஆள் நிற்கிறார். நிற்பவருக்குக் கண் இருக்கிறது. கண் இருப்பதாலேயே நம்மிடம் வேறொரு தொல்லை பிறந்திருக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி செல்லும் சாலையில் ஒரு பங்க்கில் நாம் காத்திருந்த மாலை நினைவுக்கு வருகிறது. நமக்கு முன்னே விலையுயர்ந்த மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர். கேட்ட தொகைக்குப் பெட்ரோல் இறங்கியது. அவர் கைப்பேசியைத் துழாவி, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை செலுத்தினார். ஊழியர் பொறுமையோடு நின்றார். அடுத்து வந்தவர் வயது முதிர்ந்த விவசாயி, பழைய டி.வி.எஸ். வண்டி, பின்னால் புல்லுக்கட்டு, தோளில் அழுக்கேறிய துண்டு.

"நூறு ரூபாய்க்குப் போடு தம்பி."

"காசை முதல்ல குடுங்க பெரியவரே."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, மடித்து வைத்திருந்த நோட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பின்னால் நின்ற நம்மை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் என்று சொல்வதற்கில்லை. தம்மிடம் கேட்கப்பட்டதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று அவர் அளந்துபார்த்தது போல் இருந்தது. நம் முறை வந்தபோது நம்மிடமும் முன்னதாகக் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டைக்குக் கிடைத்த மரியாதை அது.

ஊழியர்மீது நமக்கு வருத்தமில்லை. அவரும் எங்கோ ஒரு சிற்றூரின் விவசாயி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார். யாரிடம் கேட்டால் ஏச்சு விழாதோ அவரிடம் கேட்கிறார். யாரிடம் கேட்டால் முதலாளிக்குப் புகார் போகுமோ அவரிடம் கேட்பதில்லை. எவரிடம் கேட்பது என்னும் முடிவை அவர் தலையில் சுமத்திவிட்டு உள்ளே அமர்ந்திருப்போரே இதற்குப் பொறுப்பு. கனடாவின் சட்டத்தில் நம் மனத்தைத் தொட்டது இந்தச் சமன்பாடே. மருத்துவரும் மரம் வெட்டுபவரும் அங்கு முதலில் பணம் செலுத்துகிறார்கள். ஆகவே எவர் முகமும் வாடுவதில்லை. எல்லோரிடமும் கேட்டால் அது ஒழுங்கு. சிலரிடம் மட்டும் கேட்டால், கேட்கப்பட்டவரைத் திருடர் என்று பலர் முன்னிலையில் சொல்லாமல் சொல்வதாகும்.

தமிழகச் சிறைத்துறை, தண்டனை பெற்றவர்களைக் கொண்டே பெட்ரோல் பங்க்குகள் நடத்திவருவதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். 2023ஆம் ஆண்டில் புழலில் பெண் சிறைவாசிகளே பணிபுரியும் பங்க் ஒன்றும் திறக்கப்பட்டது. நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தவர் கையில் நம் பணத்தைத் தயங்காமல் கொடுக்கிறோம். மிச்சத்தை எண்ணாமலும் வாங்கிக்கொள்கிறோம். குற்றமே செய்யாத குடியானவரை மட்டும் துண்டைப் பார்த்து எடைபோடுகிறோம்.

முன்பணம் என்பது நம் மார்க்கச் சட்டத்திற்கு அந்நியமானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அவ்வூரார் பின்னால் விளையும் பழங்களுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துக்கொண்டிருந்தனர். அதனை அவர்கள் விலக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கவேண்டும் என்று வரம்பிட்டார்கள். ஸலம் என்னும் வணிகமுறை அதன்மீது எழுந்ததே. பணம் முன்னே போகும்போது பொருளின் அளவு சந்தேகத்திற்கு இடமின்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பங்க்கில் முன்பணம் கேட்போர் இந்த வரம்பையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவரின் தொட்டி நானூற்று முப்பதிலேயே நிரம்பிவிட்டால் மிச்சம் எழுபது ரூபாய் ஊழியர் கையில் இருக்கும் அமானிதம். "சில்லறை இல்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்பது அங்கே செல்லாது.

அது செல்லுபடியான நாட்களும் இருந்தன. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, டிசம்பர் 2 வரை பழைய 500 ரூபாய் நோட்டுகளை வாங்கிக்கொள்ள பங்க்குகளுக்கு அனுமதி இருந்தது. நோட்டு முழுமைக்கும் போட்டுக்கொள்வதானால் சரி, மிச்சம் கிடையாது என்றே பல இடங்களில் சொன்னார்கள். இருநூறு ரூபாய் போதும் என்றவர்கள் தேவையற்ற எண்ணெயைச் சுமந்து வீடு திரும்பினர்.

பங்க் முதலாளிகளும் முன்பணத்தின் சூட்டை அறியாதவர்கள் அல்லர். 2022ஆம் ஆண்டில் எண்ணெய் நிறுவனங்கள் சில, கடன் வசதியை நிறுத்தி, பணம் வந்து சேர்ந்த பின்னரே லாரி புறப்படும் என்றன. முன்பணம் திரட்ட முடியாத விற்பனையாளர்கள் நாட்டின் பல பகுதிகளில் "இருப்பு இல்லை" என்று பலகை வைத்தனர். அதே ஆண்டில் நம் கோட்டைப்பட்டினத்துக்கு எதிர்க்கரையில் நேர்ந்ததோ பெருந்துயரம். இலங்கையில் கையில் பணத்தோடு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கும் எரிபொருள் கிடைக்கவில்லை. வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. ஜூலை மாதத்தில் அட்டை முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அங்கே பணத்துக்கு முதலிடமும் இல்லை, கடையிடமும் இல்லை.

கோட்டைப்பட்டினம் என்றதும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. கடலோரத்தில் இந்த "முதலில் பணம்" வேறு உருவம் கொள்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. வருமானமில்லாத இரண்டு மாதங்கள் கழிந்து, முதல் நாள் பயணத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் டீசல் தேவைப்படுகிறது. அரசு வரிவிலக்கோடு டீசல் தருகிறது. 2023ஆம் ஆண்டில் விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்ததை 19,000 ஆக உயர்த்தி அறிவிப்பும் வந்தது. வரி குறையலாம், எஞ்சிய விலையை முன்னதாக வைக்கப் பணம் ஏது? மீன் வியாபாரி கொடுக்கிறார். கொடுத்தவருக்கே மீன் போகவேண்டும். விலையும் அவர் சொல்வதே. படகு துறையை விட்டுப் புறப்படும் முன்பே, வலையில் விழாத மீனுக்கு விலைபேசும் உரிமை கைமாறிவிடுகிறது. மதீனத்துப் பழ வியாபாரத்துக்கு விதிக்கப்பட்ட அளவும் எடையும் தவணையும் இந்த ஒப்பந்தத்தில் எங்கே இருக்கின்றன?

நெடுஞ்சாலைப் பங்க்கில் எல்லோரிடமும் முன்பணம் கேட்கட்டும், நாம் ஒப்புகிறோம். கரையில் அதே விதியை அப்படியே கொண்டுவந்து நாட்டினால் மீனவருக்கு வியாபாரியின் வாசலைத் தவிர வேறு போக்கில்லை. மீனவர் கூட்டுறவு இணையம் கடலோரங்களில் டீசல் நிலையங்கள் நடத்திவருகிறது. தடைக்காலம் முடிந்த முதல் நடைக்கு மட்டுமாவது, மீன் இறங்கி ஏலம் முடியும் வரை தவணை தர அதனால் இயலுமா என்று மணமேல்குடி வட்டாரச் சங்கங்கள் கேட்டுப் பார்க்கலாம். யாருக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டால் போதும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்ளச் சொல்வதே அன்றி, கடனே கொடாதீர் என்று சொல்வதன்று.