நம்ம ராபின் சிங்

போன வாரம் பேரன் செல்போனில் ஒரு பழைய மேட்ச் போட்டுக் காட்டினான். 1998 ஜனவரி 18, டாக்கா. பாகிஸ்தான் 48 ஓவரில் 314. "தாத்தா, மூணாவதா இறங்கினது யாரு தெரியுமா?" என்றான். தெரியாமலா? அந்த ஆட்டத்தை நான் யாரோடு உட்கார்ந்து பார்த்தேன் என்பதைத்தான் அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் சித்தப்பா குடும்பம் பர்மாவில் இருந்தது. 1964-ல் அந்த நாட்டு அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டதும் கப்பலேறி வந்தார்கள். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இது புதுக்கதை இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனவர், திரும்பாதவர் என்று வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். ஆனால் திரும்பி வந்தவனை ஊர் எப்படி நடத்தியது என்று யாரும் எழுதுவதில்லை. சித்தப்பா மகனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. அவன் தமிழில் வேறு வாடை அடிக்கும். "பர்மாக்காரன்" என்று பெயர் வைத்தோம். முதலில் வைத்தவன் நான்தான்.

அறுவடை முடிந்த வயலில் ரப்பர் பந்து விளையாடுவோம். தாள் குத்தும் என்று நாங்கள் யாரும் பந்துக்காக விழ மாட்டோம். அவன் விழுவான். முழங்கையெல்லாம் கீறலோடு வீட்டுக்குப் போவான்.

ராபின் சிங் விஷயத்துக்கு வருகிறேன். ரவீந்திர ராமநாராயண் சிங் என்பது முழுப் பெயர். 1963-ல் திரினிடாடில் பிரின்சஸ் டவுன் என்ற ஊரில் பிறந்தவர். 1845-லிருந்து 1917 வரை இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கூட்டிப்போனார்களே, அந்தத் தீவு. படிக்க மெட்ராஸ் வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். இடது கை பேட்டிங், வலது கையில் மிதவேகப் பந்து. 1987-88-ல் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றதே, அந்த அணியில் இவரும் உண்டு. அதற்கு முன் நாம் ஜெயித்தது 1954-55-ல்.

1989-ல் இந்திய அணியில் எடுத்தார்கள். திரினிடாட் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இந்தியக் குடிமகன் ஆனார். முதல் ஒருநாள் ஆட்டம் எங்கே தெரியுமா? அதே திரினிடாடில், போர்ட் ஆஃப் ஸ்பெயினில். பேப்பரில் அதைப் படித்துவிட்டு டீக்கடையில் நான் சொன்னேன்: "திரினிடாட்காரனைத் திரினிடாடுக்கே அனுப்புறானுங்க. இங்க பொறந்தவன் ஒருத்தனும் கிடைக்கலையா?" நாலு பேர் சிரித்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தம்பி பாதி டீயைக் கிளாசோடு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு அப்போது புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்தது. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டே ஆட்டம். பிறகு ஏழு வருஷம் ராபினை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1996-ல் டைட்டன் கோப்பைக்குக் கூப்பிட்டபோது வயது 33. நம் ஆட்கள் ரிட்டயர் ஆக யோசிக்கும் வயதில் இவர் ஆரம்பித்தார். பந்துக்காகப் பாய்ந்து விழுவதை நம் அணியில் அப்போது அதிகம் பார்க்க முடியாது. இவர் விழுவார், எழுவார், சட்டை முழுக்க மண். ஒரு ரன்னை இரண்டாக்கி ஓடுவார்.

அதிர்ஷ்டம் மட்டும் கொஞ்சம் கம்மி. 1997-ல் கொழும்பில் ஜடேஜாவோடு சேர்ந்து 223 ரன் சேர்த்து, தன் ஒரே சதத்தை அடித்தார். இரண்டு ரன்னில் தோற்றோம். 1999 உலகக் கோப்பையில் டான்டனில் இலங்கைக்கு எதிராக 31 ரன்னுக்கு ஐந்து விக்கெட். கங்குலி 183, டிராவிட் 145 அடித்த ஆட்டம் அது. அந்த ஐந்து விக்கெட் யாருக்கு ஞாபகம்? டெஸ்ட் ஒன்றே ஒன்று, ஹராரேயில், 35 வயதில். 136 ஒருநாள் ஆட்டம், 2336 ரன், 69 விக்கெட். கபில்தேவ் கணக்கோடு ஒப்பிட வேண்டாம். எனக்கு இது பெரிய கணக்குதான்.

டாக்கா ஆட்டத்தன்று பொங்கல் முடிந்து நாலு நாள். சம்பா அறுவடை, களத்தில் கதிர்க்கட்டு கிடக்கிறது. தம்பி வீட்டில் டி.வி. கிடையாது. அன்று மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மேட்ச் ஓடுதாண்ணே?" என்றான். உள்ளே வந்து தூணோரம் உட்கார்ந்தான்.

71 ரன்னில் டெண்டுல்கர் அவுட். மூன்றாவது ஆளாக அசார் வருவார் என்று நினைத்தால் ராபின் வருகிறார். கூடத்தில் இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். தம்பி ஒன்றும் பேசவில்லை. கங்குலியும் ராபினும் சேர்ந்து 179 ரன். ராபின் 82-ல் அவுட் ஆனபோது ஸ்கோர் 250. அப்புறம் விக்கெட் மளமளவென்று விழுந்ததும், டாக்காவில் இருட்டிக்கொண்டு வந்ததும், கடைசி ஓவரில் இரண்டு பந்து மிச்சமிருக்கையில் கனித்கர் சக்லைனை ஃபோர் அடித்ததும் உங்களுக்கே தெரியும். அதுவரை அவ்வளவு ரன்னைத் துரத்தி எவரும் ஜெயித்ததில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ராபின் பெவிலியனுக்குத் திரும்பிய நேரம். பக்கத்து வீட்டுப் பெரியவர், "நம்ம மெட்ராஸ் பையன் காப்பாத்திட்டான்யா" என்றார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய டீக்கடை அந்தப் பார்வையில் அப்படியே இருந்தது.

நான் எழுந்து போய்க் காபி வாங்கி வந்தேன். அவன் கையில் முதல் டம்ளரைக் கொடுத்தேன். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும், "பனி இறங்குதுண்ணே, கட்டை மூடணும்" என்று கிளம்பினான். தார்ப்பாயின் மறு முனையைப் பிடிக்க நானும் களத்துக்குப் போனேன்.