மிச்சம் பிடித்த 25 ரிங்கிட்



சென்ற ஆண்டு நான் 25 ரிங்கிட் மிச்சம் பிடித்தேன். அந்தச் சிக்கனத்தால் நேர்ந்தது என்ன என்பதையும், மின்னூல் வாசிப்பானுக்குக் குறைந்த செலவில் உறை தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையும் ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் பள்ளி நூலகத்தில் தமிழ்க் கதைநூல்கள் குறைவு. நிலாம் வாசிப்புப் பதிவுக்காக மாணவர்கள் அதே நூல்களையே திரும்பத் திரும்ப எடுப்பதைக் கண்டு மனம் வருந்தினேன். இணையத்திலோ நிலைமை வேறு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்களும், 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இக்கால நூல்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. சிறுவர்க்கு ஏற்றவற்றைத் தேர்ந்து ஒரே கருவியில் இட்டால் அதுவே ஒரு நூலகமாகிவிடும் அல்லவா? பிறர் பயன்படுத்திய வாசிப்பான் ஒன்றை வாங்கினேன். தலைமையாசிரியரின் இசைவோடு, வாரத்திற்கு ஒரு மாணவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தேன்.

உறை மட்டும் வாங்கவில்லை. ‘பிள்ளைகளிடம் கவனமாக இருக்கச் சொன்னால் போதாதா? 25 ரிங்கிட் மிச்சம்தானே!’ என்று எண்ணினேன்.

ஐந்தாவது வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் முறை வந்தது. நூலகத்தின் பக்கமே தலைகாட்டாத பிள்ளை அவன். திங்கட்கிழமை காலையில் கருவியை என் மேசைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். திரையின் மேற்பாதியில் ஒரு கதையின் வரிகள் அப்படியே நின்றன. கீழ்ப்பாதி முழுவதும் கருங்கோடுகள். புத்தகப் பைக்குள் தண்ணீர்ப் போத்தலும் கணித நூலும் சேர்ந்து அழுத்தியிருக்கின்றன.

“போத்தலோடு சேர்த்தா வைப்பாய்? இதன் விலை என்ன தெரியுமா?” என்று வகுப்பே கேட்கும்படி கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

மறுநாள் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். வீட்டில் பாஜு கூரோங் தைத்துக் குடும்பத்தைக் காப்பவர். மடித்த 50 ரிங்கிட் தாளை நீட்டி, “சார், மிச்சத்த மாசா மாசம் கொஞ்சங் கொஞ்சமா கொடுத்திடறேன். நீங்க சொன்ன கதையெல்லாம் எனக்கும் படிச்சிக் காட்டினான் சார்,” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பிள்ளை படித்தது மட்டுமன்றித் தன் தாய்க்கும் படித்துக் காட்டியிருக்கிறான். நான் விரும்பியது நடந்திருக்கிறது. அதை அறியாமல் விலையைக் கேட்டிருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தந்து, “தவறு என்னுடையதுங்கம்மா, உறை போடாமல் கொடுத்தது நான்தான்,” என்றேன். மறுநாள் அவனிடம் வகுப்பறையிலேயே மன்னிப்பும் கேட்டேன். எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டதை எல்லார் முன்னிலையிலும்தானே திரும்பப் பெற வேண்டும்?

அதன் பிறகுதான் இக்கருவியைப் பற்றி முறையாகத் தெரிந்துகொண்டேன். இத்தகைய மின்மைத் திரைகள் பெரும்பாலானவற்றின் உள்ளே மிக மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. ஓரிடத்தில் அழுத்தம் விழுந்தால், மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் காணும். மின்சாரம் இன்றியே எழுத்துகளைத் தாங்கி நிற்பது இத்திரையின் இயல்பு. அதனால்தான் அவன் படித்துக்கொண்டிருந்த வரிகள் உடைந்த பிறகும் அழியாமல் நின்றன. பழுதுபார்ப்பவர் திரைக்குச் சொன்ன விலைக்கு, பழைய கருவி இன்னொன்றையே வாங்கிவிடலாம்.

அப்படியே இன்னொன்றை வாங்கினேன். 2019-இல் வெளிவந்த 6 அங்குலக் கிண்டில் அது. உறைக்கென ஒதுக்க முடிந்தது 40 ரிங்கிட். நிறுவனத்தாரின் சொந்த உறையோ, நான் கருவிக்குக் கொடுத்த விலையில் பாதியைத் தொட்டது. ஆகவே, கருவியையும் கையோடு எடுத்துக்கொண்டு கைப்பேசித் துணைப்பொருள் கடைகளில் ஏறி இறங்கினேன். அப்போது கற்றவை இவை:

1. முதலில் அளவு. பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக இராது. கிண்டில் பேப்பர்வைட் 2018-இல் 6 அங்குலத் திரையோடும், 2021-இல் 6.8 அங்குலத் திரையோடும், 2024-இல் 7 அங்குலத் திரையோடும் வெளிவந்தது. ஒன்றின் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. வெளியான ஆண்டு, நீள அகலம், மின்னேற்றத் துளையும் பொத்தானும் இருக்கும் இடம் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

2. முன்மூடி கெட்டியாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் நடுவில் அழுத்திப் பாருங்கள். குழிந்தால் வேண்டாம். மெத்தென்ற துணிப்பை கீறலைத் தடுக்கும். போத்தலின் அழுத்தத்தைத் தடுக்காது.

3. மூலைகளைப் பாருங்கள். கெட்டி நெகிழியால் ஆன பின்புறம் விழும்போது மூலையில் வெடித்துவிடக்கூடும். இரப்பர் போன்ற மென்மையான பின்புறம் அதிர்ச்சியை ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

4. எடை. நான் வாங்கிய கருவி 174 கிராம்தான். அதைவிடக் கனமான உறையைப் போட்டால் பத்து வயதுப் பிள்ளையின் கை வலிக்கும். கை வலித்தால் வாசிப்பு நின்றுவிடும்.

மூடியதும் திரையை உறங்கச் செய்யும் காந்தம், நிமிர்த்தி வைக்கும் தாங்கி, தோல் போன்ற பளபளப்பு இவையெல்லாம் இருந்தால் நன்று. ஆயினும், பணம் குறைவாக உள்ளவர் முதலில் விட்டுவிடக்கூடியவை இவையே. மேற்சொன்ன நான்கும் அமைந்த சாம்பல் நிற உறை ஒன்று 23 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது.

அதில் ஒரு குறை இருந்தது. புத்தகப் பைக்குள் முன்மூடி தானே திறந்துகொண்டது. அந்தத் தாயாரிடம் சென்று, “அம்மா, இதற்கு மேலே ஒரு பை தைத்துத் தருவீர்களா? கூலி தருகிறேன்,” என்று கேட்டேன். பாத்தேக் துணியின் மிச்சத்தில், உள்ளே பழைய துவாலை வைத்து, நாடா போட்டுத் தைத்துக் கொடுத்தார். கூலியை எவ்வளவு வற்புறுத்தியும் வாங்க மறுத்துவிட்டார். 50 ரிங்கிட்டை நான் மறுத்ததற்கு அதுதான் ஈடு என்று நினைத்தாரோ என்னவோ!

அவனோ நெடுநாள் கருவியைத் தொடவில்லை. முறை வரும்போதெல்லாம், “வேற யாருக்காவது கொடுங்க சார்,” என்பான். இரண்டாம் தவணையின் கடைசி வாரத்தில், தானே வந்து கேட்டான். பாத்தேக் பையின் நாடாவைக் கட்டிப் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டு, போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

கருவி உடையாமல் இருக்க வேண்டுமானால் அலமாரியில் பூட்டி வைக்கலாம், செலவே இல்லை. அச்சமின்றிப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்குத்தான் உறை தேவைப்படுகிறது. எனவே, வகுப்புக்கோ வீட்டுக்கோ வாசிப்பான் வாங்க எண்ணுவோர் கருவியின் விலையோடு உறையின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். நான் மிச்சம் பிடித்த 25 ரிங்கிட்டுக்கு ஒரு பிள்ளை பல வாரங்கள் படிக்காமல் இருந்தான். அந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்