அக்கராயனில் ஆறு நாட்கள்

நல்லூர்த் திருவிழாக் காலத்திலே யாழ்ப்பாணத்தவர் எவரும் ஊரைவிட்டுப் புறப்பட மனங்கொள்வதில்லை. தூரதேசங்களில் வாழும் உறவினரும் வந்து கூடும் காலம் அது. அப்படியிருந்தும், சென்ற ஆகஸ்ட் விடுமுறையில், கொடியேறிச் சில நாட்களே சென்றிருந்த ஒரு புதன்கிழமை காலை, தோளிலே ஒரு பையுடன் வன்னிக்குச் செல்லும் பஸ் வண்டியில் ஏறினேன். என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த காரியம் அத்தகையது.

என் தமக்கையாரும் அத்தானும் அக்கராயனில் இருக்கின்றனர். அத்தானுக்கு வயது 68. சென்ற வருடம் கூரையிலிருந்து தவறி விழுந்து இரண்டு மாதங்கள் காலிற் கட்டுடன் படுத்திருந்தார். கனடாவிலே தொழில் பார்க்கும் அவர்களுடைய மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “மாமா, நீங்கள்தான் போய்ச் சொல்லவேணும். உங்கடை வீட்டுக்குக் கிட்ட ஒரு வீடு வாடகைக்கு எடுப்பம். காசு நான் அனுப்புறன். அவை இனி உந்தக் காட்டுக்குள்ளை கிடந்து மாய வேண்டாம்” என்றான். அவன் கூற்று எனக்கும் நியாயமாகவே பட்டது. வகுப்பிற்குச் செல்லுமுன் பாடத்தை ஆயத்தஞ் செய்வதுபோல, சொல்ல வேண்டியவற்றை மனத்துள் ஒழுங்குபடுத்திக்கொண்டே சென்றேன்.

சாவகச்சேரியும் கொடிகாமமும் பளையும் கழிந்தன. தென்னந்தோப்புக்கள் மறைந்து, ஆனையிறவின் வெட்டவெளி கண்முன் விரிந்தது. கோடைவெயிலில் நீர் வற்றிய இடங்களிலே உப்புப் பூத்துக் கண்ணைக் கூசச் செய்தது. பரந்தன் தாண்டியதும் காட்சி மாறியது. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளமாகிய இரணைமடுவின் நீர் பாயும் நிலம் அது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரங் கொளுத்தி, வழக்கப்படி ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டு, மேற்கே பிரியும் பாதையில் வேறு வண்டி பிடித்தேன். இருமருங்கும் பாலையும் வீரையும் நெருங்கிய காடு, இடையிடையே வயல், மதகு ஒன்றின்மேல் ஒரு மயில். பட்டணத்துச் சத்தம் செவியை விட்டு நீங்க அரைமணி நேரம் போதும்.

படலையைத் திறந்தபோது, நான் முதலிற் கண்டது கூரையில்லாத குசினியை. பழைய கிடுகுகள் யாவும் இறக்கப்பட்டு முற்றத்திலே குவிந்து கிடந்தன. அத்தான் ஒரு வளையின் ஒரு நுனியைத் தோளிலே தாங்கியபடி நின்றார்.

“வாரும் தம்பி, நல்ல நேரத்திலை வந்தீர். உந்தப் பக்கத்தை ஒருக்காப் பிடியும் பாப்பம்.”

பை தோளிலிருக்க, மற்றைத் தோளிலே வளை ஏறியது. நான் கொண்டுவந்த பாடம் அவ்வளவில் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த வளவின் வரலாற்றை இங்கு சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும். 1950களில் குடாநாட்டிலே நிலம் போதாத குடும்பங்கள் பல, குடியேற்றத் திட்டங்களின் வழியாக வன்னிக்கு வந்தன. அத்தானின் தகப்பனாரும் அவ்வாறு வந்தவரே. மேட்டுநிலம் ஓர் ஏக்கரும் வயல் இரண்டு ஏக்கரும் அவருக்குக் கிடைத்தன. காடு வெட்டி, கிணறு தோண்டி, தென்னை வைத்து, மண்சுவர் வீடொன்றை எழுப்பினார். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே போர் அணுகியபோது அவ்வீட்டை விட்டு அத்தானும் அக்காவும் பிள்ளைகளும் புறப்பட்டனர். இடம்விட்டு இடம் பெயர்ந்து, இறுதியிற் செட்டிகுளத்து முகாமை அடைந்து, 2010 இலே திரும்பினர். வீடு இருந்த இடத்திலே திண்ணையின் அடையாளம் மாத்திரம் எஞ்சியிருந்தது. கிணறும் நான்கு தென்னைகளும் அவர்களுக்காகக் காத்து நின்றன.

முதலிற் தறப்பாளின் கீழ் வாழ்ந்தார்கள். பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ், வீடொன்றுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டபோது, பயனாளிகளே முன்னின்று கட்டும் முறைப்படி ஒரு சிறு கல்வீட்டைக் கட்டி முடித்தார்கள். ஆயினும் பகலெல்லாம் சீவியம் நடப்பது குசினியையும் அதனருகேயுள்ள மாலையும் சுற்றியே. அவை மண்ணும் மரமும் ஓலையும் கொண்டவை. ஆகையால் வருடந்தோறும் ஏதாவது ஒரு பாகத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இம்முறை கறையான் இரண்டு கப்புக்களை அரித்துவிட்டது. போன மாரியின் சாரலில் வடக்குச் சுவரும் பாதி கரைந்துவிட்டது. முதல் இரண்டு நாட்களும் கப்பு மாற்றுவதிலே கழிந்தன. அலவாங்கால் குழி தோண்டுவது எளிதென்று எண்ணுவோர், கோடையில் இறுகிய வன்னி மண்ணை ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டும். என் உள்ளங்கையில் முதல் நாளே கொப்புளங்கள் எழுந்தன. மண்ணுட் புதையும் அடிப்பாகத்தை அத்தான் நெருப்பிலே வாட்டிக் கருக்கினார். கரியான மரத்தைக் கறையான் எளிதிற் தீண்டாது என்பது அவருடைய தகப்பனார் சொல்லிக்கொடுத்த பாடம்.

சுவர் வேலை அக்காவின் மேற்பார்வையில் நடந்தது. புற்றுமண்ணை வெட்டி வந்து, நீரூற்றிக் காலால் மிதித்து, ஓரிரவு ஊறவிட்டு, மறுநாளும் மிதித்து, உருண்டை உருண்டையாகப் படை வைக்க வேண்டும். ஒன்றரை அடி உயரம் ஒரு படை. அது காயுமுன் அடுத்ததை ஏற்றினால் சுவர் வயிறு தள்ளிவிடும். நான் அவசரப்பட்டேன். “தம்பி, மண்ணுக்குப் பரீட்சை நேரம் தெரியாது. அது காயேக்கைதான் காயும்” என்றார் அக்கா.

இவ்வேலைகளின் நடுவே அன்றாடக் கருமங்கள் ஒன்றேனும் தவறவில்லை. நான்கரை மணிக்கு அக்கா எழுந்து, முற்றம் கூட்டிச் சாணி தெளிப்பார். ஈர்க்குவாரியின் கோடுகள் மணலிலே ஒழுங்காகப் பதிந்திருக்க, அவற்றின்மேல் முதலில் நடந்து செல்வது எனக்கே குற்றமாகத் தோன்றியது. பின் பசுவிற் பால் கறத்தல், கோழிகளைத் திறந்துவிடுதல், கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் வார்த்தல். பத்து மணிக்குக் குரங்குக் கூட்டம் வரும். குரும்பைகளைப் பிடுங்கி எறியும் அவற்றைத் துரத்துவது அன்றைய தொழில்களில் ஒன்று. அந்தியிலே விறகு பொறுக்கி, மாட்டைக் கட்டி, நுளம்புக்கு வேப்பிலை மூட்டம் போட்டு, விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிக்கும்போது இருள் சூழ்ந்துவிடும். எட்டரை மணிக்குமேல் விழித்திருக்க என்னால் முடியவில்லை. ஆகவே, சொல்ல வந்ததை “நாளைக்குச் சொல்வோம்” என்று மூன்று இரவுகள் தள்ளிவைத்தேன்.

கிடுகுகள் முன்னரே ஆயத்தமாக இருந்தன. அவ்வளவிலே பழைய தென்னைகள் நான்கு. திரும்பி வந்தபின் நட்டவை பதினாறு. நல்ல தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலையைக் கழிக்கும். இருபது மரங்களுக்கு வருடத்தில் 240 ஓலைகள். நடுவே பிளந்து பின்னினால் ஓர் ஓலைக்கு இரண்டு கிடுகு. ஆகவே 480 கிடுகுகள். குசினிக்கு இருநூறு, மாட்டுக் கொட்டிலுக்கு அதேயளவு, மீதி வேலிக்கு. கணக்கை நிலத்திலே குச்சியால் எழுதிப் பார்த்து வியந்தேன். அக்கா ஓலைகளை நீரிலே ஊறவைத்து, மாலையில் ஓய்ந்திருக்கும் வேளைகளிலே வருடம் முழுவதும் பின்னி அடுக்கியிருந்தார். அவ்வீட்டின் அடுத்த வருடக் கூரை இப்பொழுதே மரங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியிலிருந்து என் மருமகள் கணவனோடும் பிள்ளைகளோடும் வந்தாள். அயலவர் நால்வரும் வந்தனர். கூலி யாருக்கும் இல்லை. அவர்கள் கூரை வேயும் நாளில் இவர்கள் போவார்கள். தாழ்வாரத்திலே தொடங்கி, ஒரு கிடுகின்மேல் மற்றொன்று ஏறிப் படிய, வரிசை வரிசையாக முகட்டை நோக்கிக் கட்டிக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து தொடங்கினால் மழைநீர் உள்ளே வழியும். சிறுவர்கள் கிடுகு எடுத்துக் கொடுக்க, அத்தான் கீழே நின்று இடைவெளி பார்த்தார். இரண்டு தடவை ஏணியிலே கால் வைத்தார். இரண்டு தடவையும் மகள் இறக்கிவிட்டாள். கிழக்கு மூலையில் மூன்று வரிசைகள் என் கையாற் கட்டப்பட்டவை என்பதைப் பெருமையுடன் கூறிக்கொள்கிறேன். மூன்று மணிக்கு முகடு மூடப்பட்டது. உடனே அக்கா அடுப்பை மூட்டினார். புகை பட்ட கிடுகைப் பூச்சி அரிக்காது. அடுப்புப் புகைதான் கூரைக்கு மருந்து.

அன்றிரவு, புதிய கூரையின் கீழ் குரக்கன் பிட்டு உண்டபின், வந்த காரியத்தைச் சொன்னேன். வைத்தியசாலை கிட்ட இருப்பது, மகனுடைய கவலை, அத்தானின் கால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சிறிதுநேரம் ஒருவரும் பேசவில்லை.

“தம்பி, நீ சொல்லுறது சரிதான்” என்றார் அக்கா. “ஆனா அந்த வாடகை வீட்டிலை விடிய எழும்பி நான் என்ன செய்யிறது? கூட்டிறதுக்கு ஒரு முத்தம்கூட இல்லையே.”

அத்தான் உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அதற்குள் பிளாஸ்ரிக் உறையிற் சுற்றிய ஒரு பழைய கடதாசி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவர் தகப்பனாருக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். முகாமிலும் அவர் இடுப்பைவிட்டு நீங்காதது அது. நிலத்தைத் திருத்திப் பயிர்செய்ய வேண்டும், அதிலே குடியிருக்க வேண்டும், அனுமதியின்றி விற்கவோ துண்டாடவோ கூடாது என்பன அதன் நிபந்தனைகள்.

“இதிலை இருந்து வேலை செய்தால்தான் இது எங்கடை” என்றார் அவர். “சட்டமும் அப்பிடித்தான் சொல்லுது; ஐயாவும் அப்பிடித்தான் சொன்னவர். மகன் இனித் திரும்பி வரான். நான் அவனைக் குறை சொல்லேல்லை. இவளின்ரை பேரைப் பதியப்போறன்.”

மருமகள் தலைகுனிந்து இருந்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி என்பது தெரிந்தது. பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து ஆண்மக்களுக்கே முதலிடம் கொடுத்துவந்த பழைய ஒழுங்கு, 2022 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தாலேயே மாற்றப்பட்டது. சட்டம் மாறியதை அத்தான் அறிந்திருந்தாரோ என்னவோ. தன் மனத்தில் அவர் அதைத் தீர்மானித்துவிட்டார்.

அதே 2022 ஐ வேறொரு விதத்திலும் நான் நினைத்துக்கொண்டேன். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் யாழ்ப்பாணத்திலே நாம் வரிசையில் நின்ற நாட்களில், ஒரு மூடை அரிசியும் தேங்காய்களும் இந்த வளவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தன. இவர்களைக் காப்பாற்றவென்று இப்போது வந்திருப்பவன் அன்று அவற்றை உண்டவனே.

ஆயினும் மருமகனின் கவலை பொய்யன்று. விழுந்த கால் மீண்டும் விழலாம். ஆகவே வாதத்தைக் கைவிட்டு உடன்படிக்கைக்கு வந்தோம். அத்தான் இனி ஏணியில் ஏறுவதில்லை. மகன் வாடகைக்கென்று அனுப்பவிருந்த பணத்தில் ஒரு பகுதி, மாதத்தில் சில நாட்கள் வந்து உதவும் அயல்வீட்டு இளைஞனுக்குக் கூலியாகும். மகள் கிழமைக்கு ஒருமுறை வந்து பார்ப்பாள். ஒவ்வோர் ஆகஸ்ட் விடுமுறையிலும் நான் வரவேண்டும். கடைசி நிபந்தனையை விதித்தவர் அக்கா.

திங்கட்கிழமை காலை, மெழுகிய நிலம் காயுமுன் விடைபெற்றேன். பையிலே முருங்கைக்காயும் மோர் மிளகாயும் நிறைந்திருந்தன. அன்று மாலையே மருமகனுக்கு நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவன், “குசினிக்கு எத்தனை கிடுகு போச்சுது மாமா?” என்று மட்டுங் கேட்டான்.

ஐப்பசியில் வன்னியெங்கும் பெருமழை பெய்தது. மறுநாட் காலை அக்கா தொலைபேசியில் அழைத்தார். சுவர் அசையவில்லையாம், அடுப்படியிலே ஈரமில்லையாம். கிழக்கு மூலையில் மாத்திரம் மூன்று இடங்களில் ஒழுகிற்றாம்.

அடுத்த ஆகஸ்டில் அம்மூலையைப் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டும்.