ஜன்னல் கம்பியில் துரு... அட்வான்ஸில் பிடிக்கலாமா?

மாமல்லபுரம் பக்கம், அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு மாடி வீடு. நான்கு வருடம் குடியிருந்த தம்பதி, பிள்ளையின் பள்ளிக்காகச் செங்கல்பட்டுக்கு மாறுகிறார்கள். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க, பழைய வீட்டில் கொடுத்த 45,000 ரூபாயைத்தான் நம்பியிருந்தார்கள்.

சாவி வாங்க வந்த ஹவுஸ் ஓனர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஜன்னல் கம்பியெல்லாம் துரு. சுவர்ல உப்பு பூத்திருக்கு. 20,000 பிடிச்சுக்கிறேன் தம்பி."

"கடல் காத்துக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?"

நியாயமான கேள்வி. உப்பும் ஈரமும் கலந்த காற்று பட்டால் இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். அதே ஊரில் இருக்கும் கடற்கரைக் கோயில் 8-ம் நூற்றாண்டுக் கருங்கல் கட்டடம். அதையே உப்புக்காற்று அரிக்கிறது. தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி, கல்லில் ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால் ஜன்னல் கம்பி எம்மாத்திரம்!

சட்டமும் இதைப் புரிந்து வைத்திருக்கிறது. குடிவந்தபோது இருந்த நிலையில் வீட்டைத் திருப்பித் தர வேண்டும், ஆனால் இயல்பான தேய்மானம் அதில் சேராது என்கிறது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் வேலைகளைப் பிரித்தே சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

அந்தத் தம்பதியைக் காப்பாற்றியது, குடிவந்த அன்று செல்போனில் எடுத்த போட்டோக்கள். அன்றே கம்பிகளில் துரு தெரிந்தது. "உடைஞ்ச கண்ணாடிக்கும் ரெண்டு சுவிட்சுக்கும் நாங்க தர்றோம் சார்" என்று அவர்களே சொன்னதும், ஹவுஸ் ஓனர் இறங்கி வந்தார். பிடித்தம் 2,500 ரூபாயோடு முடிந்தது.

வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. சாமான்களை இறக்குவதற்கு முன்பே அறை அறையாகப் போட்டோ எடுத்து, ஹவுஸ் ஓனருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எது பழைய கறை, எது புதுக் கறை என்று பிறகு யாரும் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.